உயர்மட்டத் தாழ்மைக் குழு

தனக்கோடியின் வலது காலில் கொதிநீரை ஊற்றியவன் நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. வேறு யார் சொன்னாலும் கொஞ்சம் கூடச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

பெயர் துரை. தொழில் ஏசி மெக்கானிக். சிறுசேரியில் ஊர்ப்பட்ட பேர் வரிசையாக உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டும் கட்டடங்களில் யாருக்குக் குளிர வேண்டும், யாருக்குப் புழுங்க வேண்டும் என்பதெல்லாம் என் கையில் இருக்கிறது. சூடும் குளிரும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அப்படிப்பட்டவன், ஒரு வாளித் தண்ணீரை விரல் நுனியால்கூடத் தொட்டுப் பார்க்காமல் சொம்பில் மொண்டு ஒரு மனிதன் காலில் ஊற்றினேன்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் சபையில் பாதம் கழுவும் விழா. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களை மேடைமேல் சோபாவில் உட்காரவைத்து, அவரவருக்கு நியமிக்கப்பட்ட 'பாதத்துணை' அவர்கள் காலைக் கழுவ வேண்டும். ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவினார் அல்லவா, அந்த நினைவாக. பனியில் பஸ் பிடித்து வந்தவன் காலில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவானேன் என்று இரக்கப்பட்டு, வாளிக்குள் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டுப் பாட்டுக்குழுவுக்குப் பின்னால் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு நீண்டுகொண்டே போனது. ராடும் தன் ஊழியத்தைச் செய்துகொண்டே இருந்தது.

ஊற்றியபோது தனக்கோடி கத்தவில்லை. அதுதான் கெட்டது. சோபாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தாரை தாரையாகக் கண்ணீர் விட்டான். கேமராக்காரர் ஓடிவந்து அவன் முகத்தைப் பெரிய திரையில் போட்டார். சபை மொத்தமும் எழுந்து நின்று அல்லேலூயா என்றது. "பாருங்கள், கல்லான இருதயம் எப்படி உருகுகிறது பாருங்கள்!" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது. உருகிக்கொண்டிருந்தது தோல். எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. இரண்டாவது சொம்பையும் ஊற்றினேன்.

மாமல்லபுரம் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும்போது கேட்டேன். "ஏம்பா, ஒரு சத்தம் போட்டிருக்கக்கூடாதா?"

"இதுவும் சடங்குல ஒரு அய்ட்டம்னு நெனச்சேன் அண்ணாத்த. அவனவன் பாவத்துக்கு ஏத்தாப்புல சூடு வெப்பாங்கோ போல, நான் குடிச்ச குடிக்கு இது கம்மிதான்னு பொறுத்துகினேன்."

அப்படிப்பட்ட விசுவாசியைத்தான் வழிநடத்தும்படி என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

சபையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் 'தாழ்மைப் பள்ளத்தாக்கு ஊழியங்கள்' என்று கொட்டை எழுத்தில் ஒரு ஆர்ச் தெரியும். தெரியாமல் போக வழியில்லை. சுற்றுவட்டாரத்தில் அதைவிட உயரமாக இருப்பது மலைக்கோயில் ஒன்றுதான்.

அங்கே தாழ்மைக்குப் படிகள் உண்டு. சேர்ந்தவுடன் நீங்கள் 'சகோதரர்'. கொஞ்சநாள் உழைத்தால் 'அடிமை'. அதற்கும் மேலே 'புழு'. உச்சியில் 'தூசி'. தூசி ஒருவர்தான், எங்கள் நிறுவனர். சுவரொட்டியில் 'மாபெரும் தூசி, டாக்டர் ஏசுபாதம் ஐயா அவர்கள்' என்று போடுவார்கள். உட்காருவதிலும் இதே ஒழுங்கு. புது விசுவாசிக்கு சோபா, சகோதரருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, அடிமைக்கு முக்காலி, புழுவுக்கு மணை. தூசி ஐயாவுக்குத் தரையே உயரம் என்பதால், மேடை நடுவில் பள்ளம் தோண்டி, டைல்ஸ் பதித்து, ஏசி போட்டிருந்தார்கள். பிரசங்கத்தின்போது அவருடைய முடியும் மைக்கின் நுனியும் மட்டும் வெளியே தெரியும். மீதி ஐயாவைத் திரையில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பள்ளத்து ஏசியை மாட்டியவன் நான். சபைக்கு நான் செய்த உருப்படியான ஊழியம் அது ஒன்றுதான்.

எட்ட நின்று கேலி பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 'அடிமை' பதவிக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவன் நான். முக்காலியில் உட்கார்ந்தால் பார்க்க எப்படி இருப்பேன் என்று வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது.

காலைச் சுட்ட விவகாரத்தை விசாரித்தவர் புழு ஆனந்தன். எங்கள் வட்டாரத்துக் கண்காணிப்பாளர். மணையில் உட்கார்ந்து, என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அண்ணாந்து பார்த்தபடி விசாரித்தார். கழுத்து வலியில் அவருக்கு முகம் கோணியது.

"சகோதரரே, நின்னுகினு ஊத்தினீங்களா, மண்டிபோட்டு ஊத்தினீங்களா?"

"நின்னுகினுதாங்க."

"அதான் பாத்தேன். மண்டிபோட்டிருந்தா இது நடந்திருக்காது."

"தண்ணி அப்பவும் கொதிச்சுகினுதானே இருந்திருக்கும்?"

"கொதிச்சிருக்கும்," என்றார் ஆனந்தன் பொறுமையாக. "ஆனா தாழ்மையா கொதிச்சிருக்கும்."

கால் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. புழுவுக்கு அந்தளவு துணிச்சல் கூடாது போலும். தீர்ப்பு இதுதான்: தனக்கோடியின் கால் ஆறுகிறவரை நான் தினமும் அவன் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். கூடவே மறுபயிற்சிக்கும் போக வேண்டும்.

தனக்கோடியின் வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, அலைச் சத்தம் கேட்கிற மீனவர் குப்பத்தில் இருந்தது. உள்ளே நுழையும்போதே அவன் மனைவி பூங்கொடி, "வாண்ணா, சுடுதண்ணி வெக்கட்டுமா?" என்றாள். காபிக்கா என்று திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கட்டிலில் தனக்கோடியின் அப்பா திருவேங்கடம் படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உடம்பு கயிறாக வற்றியிருந்தாலும் வாய் வற்றவில்லை.

"இன்னாபா, நீதான் எம்புள்ள கால அவிச்சவனா?"

"ஆமாங்க பெரியவரே."

"அவிக்கறதுக்கு முன்ன செதில் எடுக்கணும்பா. அத்த சொல்லித்தரலியா உங்க ஆபீஸ்ல?"

சபையை அவர் ஆபீஸ் என்றுதான் சொன்னார், கடைசிவரை. நான் கட்டை அவிழ்த்து மருந்து தடவி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"இவன் எந்த சாமிய கும்புட்டா எனக்கின்னா? உங்க ஆபீஸுக்கு வந்து குடிய வுட்டான், அதுக்கு உனக்கு ஒரு கும்புடு. நான் கேக்கறது ஒண்ணுதான். நான் போனா எனக்குக் கொள்ளி யாரு வெப்பா?"

தனக்கோடி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூத்த புள்ள வெக்கலன்னா பங்காளி தணிகைவேலு வெப்பான். அதான் ஊரு மொற. எவன், என் வலைய அறுத்துவுட்டானே, அவன். அவன் கையால நெருப்பு வாங்கறதுக்கு என்னைய சுறாவுக்குப் போட்டுடுங்கோ. இவனக் கேட்டா, ஆபீஸ்ல கேட்டு சொல்றேன்றான். நீ கேட்டு சொல்லுபா. ஆமாவா, இல்லியா. தெரிஞ்சிகினு போறேன்."

தனக்கோடி என்னை வெளியே அழைத்துவந்தான். நொண்டிக்கொண்டே சவுக்கு மரத்தில் சாய்ந்து நின்றான்.

"செய்யலாமா, கூடாதா அண்ணாத்த? கூடாதுன்னா நைனாகிட்ட இப்பவே சொல்லிடறேன். அழுவாரு. அழட்டும். செய்யலாம்னா நிம்மதியா போவாரு. ஆனா ரெண்டுங்கெட்டானா வுட்டுடாத. நாளிக்கு நானே செஞ்சிட்டு, அப்பால எவனாவது வந்து தப்புன்னு சொன்னான்னு வெச்சுக்கோ... சரி, கெட்டது கெட்டாச்சுன்னு நேரா கடை வாசல்லதான் போய் நிப்பேன். என்னப்பத்தி எனக்குத் தெரியும். அங்க போனா திரும்ப மாட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். பாதத்துணைக் கையேட்டில் படித்த வாக்கியம் தானாக வந்தது. "நான் சிறியவன் சகோதரா. மேலே கேட்டுச் சொல்கிறேன்."

உண்மையில் எனக்குத் தெரியாது. என் அப்பா எனக்கு முன்பே சபைக்கு வந்தவர். கல்லறைத் தோட்டத்தில் எந்தக் குழப்பமும் இல்லாமல் படுத்திருக்கிறார். இந்தக் கேள்வி என் வீட்டு வழியாக வந்ததே இல்லை. அதனால்தான் மேலே உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினேன். மேலே என்றால் எங்கள் சபையில் கீழே.

ஆனந்தனிடம் போனேன். கேட்டதும் அவர் மணையிலிருந்து இன்னும் கொஞ்சம் சரிந்தார்.

"பெரிய விஷயம் சகோதரரே. நான் வெறும் புழு."

"உங்க கருத்தையாவது சொல்லுங்க."

"புழுவுக்கு ஏது கருத்து? புழுவாகி இத்தன வருஷத்துல ஒரு கருத்து சொன்னேன்னு யாராவது விரல் நீட்ட முடியுமா? அந்தச் சுத்தத்தக் காப்பாத்திகினு வரேன். அப்படியும் என்ன தூசி ஆக்க மாட்டேன்றாங்க." அவர் கண் கலங்கியது. "நீங்க மறுபயிற்சியில கேளுங்க. பிரபா சகோதரி சொல்லுவாங்க."

அடிமை பிரபா தாழ்மைப் பயிற்சித் துறைத் தலைவி. வகுப்பில் எங்களை வரிசையாக நிறுத்திக் குனியவைத்து, முதுகில் கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றால் தேர்ச்சி. என்னுடையது கழுத்துப் பக்கமாகவே ஓடியது. உள்ளே இன்னும் அகங்காரம் இருப்பதன் அடையாளம் அது என்றார். இடுப்புப் பிடிப்பு என்றேன். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்.

பிறகு வாய்ப்பாடு.

"புது விசுவாசி கேள்வி கேட்டா என்ன செய்யணும்?"

"குனியணும்!" என்றது வகுப்பு.

"என்ன சொல்லணும்?"

"ஜெபிப்போம்!"

"மறுபடியும் கேட்டா?"

"இன்னும் குனியணும்!"

நான் கையை உயர்த்தினேன். உயர்த்தியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, "மூணாவது தடவ கேட்டா?" என்றேன்.

பிரபா என்னைக் கனிவோடு பார்த்தார். "மூணாவது தடவ கேக்கறவங்க தாழ்மையில வளரலன்னு அர்த்தம். முதல் பாடத்துக்குத் திருப்பி அனுப்பிடணும்."

"அவங்க அப்பா சாகக் கெடக்கறாரு சகோதரி. ஆமா, இல்லன்னு ஒரு வார்த்த."

"ஆமான்னு நான் சொன்னா நான் யாரு? இல்லன்னு சொன்னாலும் நான் யாரு?" என்று பிரபா கண்ணை மூடிக்கொண்டார். பயிற்சி பெற்றவர் என்பதால் கண்ணீர் உடனே வந்தது. வகுப்பு கைதட்டியது. பிறகு இறங்கிவந்து, விஷயத்தை உயர்மட்டத் தாழ்மைக் குழுவுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

அந்தச் செய்தியோடு குப்பத்துக்குப் போனேன். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது உச்சிவேளை. மலைக்கோயில் பிரசாதம் தின்னக் கழுகு வருவது நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் நேரம் வந்தால் அண்ணாந்து பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களோடு சேர்ந்து நானும் பைக்கை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"இன்னாபா சொன்னாங்கோ ஆபீஸ்ல?" என்றார் திருவேங்கடம். குரல் பாதியாகியிருந்தது.

"மேல போயிருக்கு பெரியவரே. குழு கூடுது."

"ரேசன் கார்டுல பேர அடிக்கறதே இதவிட சுருக்கா முடியும் போல. அதுக்கும் நான் செத்தாவணும், இதுக்கும் நான் செத்தாவணும்." சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. தனக்கோடி அவரைத் தூக்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டான். இருமல் அடங்கியதும் பெரியவர் மகன் சட்டையை முகர்ந்து பார்த்தார். அது தினசரி வழக்கமாம். வாசனை இல்லை என்று தெரிந்ததும் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடுவதுபோல நின்றேன். பூங்கொடி பின்னாலேயே வந்தாள்.

"எண்ணா, உங்க குழுவுல எல்லாரும் பெரிய ஆளுங்கோதானே?"

"இல்லம்மா. எல்லாரும் ரொம்ப சின்ன ஆளுங்க."

"அப்ப வெளங்கிடும்," என்றாள்.

உயர்மட்டத் தாழ்மைக் குழு கூடும் நாளில், கேள்வியை நேரில் எடுத்துவைக்க என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். கூட்டம் அலுவலக மாடியில். ஒரே கதவு. உறுப்பினர்கள் எல்லாரும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். வந்து, கதவுக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

"நீங்க போங்க ஐயா."

"ஐயையோ, நான் எம்மாத்திரம்? நீங்க முன்னாடி போங்க."

"உங்களுக்கு முன்னாடி நான் போனா இந்தக் கால் என்ன கால்?"

முதலில் உள்ளே போகிறவர் தாழ்மையில் மற்றவர்களைவிடப் பின்தங்கியவராகிவிடுவார். அந்த இழப்பைத் தாங்க யாரும் தயாராக இல்லை. ஒருவர் மண்டியிட்டு வழிவிட்டார். இன்னொருவர் அதைப் பார்த்துக் குப்புறப் படுத்தே வழிவிட்டார். படுத்தவரைத் தாண்டிப்போவது பெருமை என்பதால், அதன்பிறகு நினைத்தாலும் யாரும் உள்ளே போக முடியாமல் போயிற்று. ஆனந்தன் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அவர் தரைத்தளத்திலிருந்து, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று கூப்பிடுவது மட்டும் கேட்டது.

வெயில் ஏறியது. எனக்குப் பெரியவரின் இருமல் ஞாபகம் வந்தது. மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, படுத்திருந்தவரைச் சுற்றிக் கால்வைத்து நான் உள்ளே போய்விட்டேன். பின்னாலேயே வருவார்கள் என்று நினைத்தேன். வரவில்லை. உள்ளே வரிசையாக மணைகளும், வெள்ளரித் துண்டும், தண்ணீர் பாட்டில்களும் இருந்தன. நான் வெறும் மணைகளைப் பார்த்துக் கேள்வியை எடுத்துவைத்தேன். "தகப்பனுக்கு மகன் கொள்ளி வைக்கலாமா, கூடாதா?" மணைகள் குனிந்துதான் இருந்தன.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் குழுவின் தீர்மானம் ஒட்டப்பட்டிருந்தது. குழு நல்ல முறையில் கூடியது, யாரும் யாரையும் முந்தவில்லை, சகோதரர் துரை மட்டும் முந்தினார், அவருக்காக ஜெபிக்கப்பட்டது. 'அடிமை' பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதையும் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். முக்காலி ஆசை அத்தோடு போயிற்று.

மிச்சம் இருந்தவர் தூசி ஐயா ஒருவர்தான். அவரைப் பார்க்க முன்பதிவு, அதற்கு முன்பதிவு எல்லாம் உண்டு. அதற்குள் ஆண்டவரே கைகொடுத்தார். பள்ளத்து ஏசி நின்றுபோனது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். ஐயா மெத்தையில் சம்மணமிட்டு, காணிக்கைக் கவரால் விசிறிக்கொண்டிருந்தார். அருகில் பார்த்தபோது பாவமாக இருந்தது. பள்ளத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. மேலே தூக்க ஒரு மின்தூக்கி வைத்திருந்தார்கள். அதுவும் நின்றிருந்தது.

மூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டேன். தனக்கோடியைப் பற்றி, பெரியவரைப் பற்றி, கடை வாசலைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். "ஐயா, ஆமாவா இல்லையா?"

"தம்பி, நான் தூசி. ஒரு தூசிகிட்ட வந்து இவ்ளோ பெரிய கேள்விய கேக்கறியே."

"இந்த மாவட்டத்துல உங்களவிடத் தாழ்ந்தவங்க யாரும் இல்லீங்களே ஐயா. நீங்களும் சொல்லலன்னா நான் யாருகிட்ட போவேன்?"

அது அவருக்குப் பிடித்திருந்தது. விசிறுவதை நிறுத்தினார். "இரகசியமா சொல்றேன் கேளு. செய்யின்னு சொன்னா, தூசி ஐயா கொள்கைய வித்துட்டாருன்னு கண்டிப்பான விசுவாசிங்க கெளம்பிடுவாங்க. செய்யாதேன்னு சொன்னா, நாளைக்குக் குப்பத்துலேர்ந்து ஒருத்தன் உள்ள வரமாட்டான். எதச் சொன்னாலும் சொன்னவன் பேரு நிக்கும் தம்பி. அது பெரிய கண்டம். அதுலேர்ந்து காப்பாத்தத்தான் ஆண்டவர் எனக்குத் தாழ்மையக் குடுத்தாரு. இந்த முப்பது வருஷத்துல நான் சொல்லி ஒருத்தன் கெட்டான்னு யாராவது காட்டட்டும் பாப்போம். எவனுக்காவது எதையாவது சொல்லியிருந்தாத்தானே!"

"உங்கப்பாவுக்கு யாருங்க ஐயா வெச்சாங்க?" என்றேன். கேட்க நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

ஐயா எதிரே இருந்த டைல்ஸைப் பார்த்தார். பிறகு கவரை எடுத்து விசிறத் தொடங்கினார்.

"கூலிங் எப்ப வரும்?"

"கேஸ் போயிடுச்சு ஐயா. சாயங்காலத்துக்குள்ள வராது," என்றேன். எங்கள் சபையில் நான் கேட்ட ஒரே நேரான பதில், நானே சொன்ன இதுதான்.

மூடியை மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பூங்கொடி. "மாமா போயிட்டாருண்ணா," என்றாள். அழவில்லை. "சீக்கிரமா வா. இவரு வாசல்லயே நின்னுகினு கீறாரு."

நான் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். பறை அடங்கி, ஊரே யாரோ ஒருவர் வாய்க்காகக் காத்திருந்தது. அந்த ஒருவர் நான்தான் என்று புரிந்தபோது பைக்கைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடியிருப்பேன். சவுக்குத் தோப்பு மணலில் சக்கரம் புதைந்துவிட்டது.

தனக்கோடி ஈர வேட்டியோடு நின்றான். காலில் கட்டு; அதன்மேல் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டியிருந்தான். ஒரு பக்கத்தில் கொள்ளிச்சட்டி புகைந்துகொண்டிருந்தது. சட்டிக்குப் பக்கத்தில் தணிகைவேலு, அவனும் குளித்துவிட்டுத் தயாராக.

"இன்னாபா, ஆர்டர் வந்துட்ச்சா?" என்றான் தணிகைவேலு. "வரலன்னா பேஜாரு பண்ணாதீங்கோ. வெயில் ஏறுது. நான் எடுத்துகினு போறேன்."

தனக்கோடி அவன் பக்கம் திரும்பவில்லை. "ஆபீஸ்ல இன்னா சொன்னாங்கோ அண்ணாத்த?" என்றான். அவனும் ஆபீஸ் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

பொய் சொல்லலாம். தூசி ஐயாவே செய்யச் சொன்னார் என்றால் எல்லாருக்கும் நல்லது. பாடையில் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தவரைப் பார்த்தேன். ஆமாவா இல்லையா என்று கேட்டுக் கேட்டே போனவர்.

"ஒண்ணும் சொல்லலப்பா. சொல்லவும் மாட்டாங்க."

"அப்ப நீ இன்னா சொல்ற?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் முதுகு தானாகக் குனியத் தொடங்கியது. பயிற்சி அப்படி. "நான் வந்து... நான் வெறும்..."

"எண்ணா," என்றாள் பூங்கொடி, "தூசி, புழு, அது இதுன்னு ஆரம்பிச்சே, மண்ண வாரி வாயில போட்டுடுவேன்."

குனிந்த முதுகு பாதியில் நின்றது. பிரபா ரசமட்டத்தோடு அங்கே இருந்திருந்தால் குமிழி சரியாக நடுவில் நின்றிருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு நம்பிக்கை. நான் நிமிர்ந்தேன்.

"செய்யி தனக்கோடி," என்றேன். "உங்கப்பா உன்னத்தானே கேட்டாரு. நீயே செய்யி. சரியோ தப்போ எனக்கு முழுசாத் தெரியாது. தப்புன்னு ஆச்சுன்னா மேல போய் என் பேரச் சொல்லு. சுடுதண்ணி ஊத்துன துரைன்னு சொல்லு, அங்க தெரியும். உனக்கு வர்ற சூட்ட எனக்கு ஊத்தட்டும்."

தனக்கோடி குனிந்து சட்டியைத் தூக்கினான். தணிகைவேலு ஒரு அடி தள்ளி நின்றான். பறை மறுபடி எழும்பியது. தனக்கோடி ஒரு அடி எடுத்து வைத்தான்; வெந்த கால் மணலில் புதைந்து, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. சட்டியிலிருந்து பொறி பறந்தது. கூட்டம், "ஏ, ஏ, பாத்து!" என்றது.

அந்தக் கால் நான் செய்த கால். நான் பக்கத்தில் ஓடினேன். சட்டியை வாங்கக்கூடாது, அது மகன் கையில்தான் இருக்க வேண்டும். அவனைத் தூக்கவும் முடியாது. கையேட்டில் இதற்கு ஒரு வரியும் இல்லை. பாதத்துணை என்று பெயர் வைத்துக்கொண்டு நட்டநடு மணலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"நான் இப்ப இன்னா பண்ணணும் தனக்கோடி?" என்றேன்.

"முழங்கைய புடிச்சுக்கோ," என்றான். "நொண்டுவேன், சட்டி வுழக்கூடாது. சுடுகாட்டுலேர்ந்து வந்தப்புறம் எல்லாரும் ஊத்திகினு குந்துவாங்கோ. அப்பவும் கைய வுடாத. சாயங்காலம் வரைக்கும் எங்கூடவே இரு. அவ்ளோதான்."